நான்காக மடித்த துண்டு

கோகிலவாணிக்கு இன்டர்வியூ என்றால் பயம் கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனை இருபது வருஷம் ஆட்டிவைத்தவள் அவள். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்த வேலையைக் கேமராக்கள் பிடுங்கிக்கொண்ட பிறகு மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வருகிற பார்ட்டிகளுக்கு வணக்கம் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது, செய்கிறீர்களா என்று கேட்டார். மெஷினுக்குச் சிரிக்கத் தெரியாதாம். செத்தாலும் இந்தக் கேட்டை மறுபடி மிதிக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சொன்னது சரி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியவேண்டுமே. இரண்டு வருஷத்தில் வீட்டிலிருந்த துணியையெல்லாம் எத்தனை தடவைதான் மடித்துவைப்பது? அப்போதுதான் வகுப்புத் துணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரம் வந்தது. வயது வரம்பைப் பார்த்தாள். இந்த முறை விட்டால் அடுத்த முறை விண்ணப்பம் போடவே முடியாது. இது கிடைக்கவில்லையென்றால் அந்தக் கேட்டும் வணக்கமும்தான் கதி. கிடைக்கும் என்று அவளே முடிவு செய்துவிட்டு வேலையில் இறங்கினாள். அவள் சுபாவம் அப்படி.

வகுப்புத் துணை என்றால் என்ன என்று அந்த நாளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடம் நடத்துவதைத் திரைகள் பார்த்துக்கொண்டன. ஒரே கணக்கை நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுக்கும் திரைக்கு, ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடத் தெரியவில்லை. சத்தத்துக்குப் பயப்படுகிற, வாய் திறக்காத, கூட்டத்தில் மிரளுகிற பிள்ளைகள் பக்கத்தில் உயிருள்ள ஆள் ஒருத்தர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஆளுக்குத்தான் வகுப்புத் துணை என்று பெயர்.

கோச்சிங் சென்டரை நடத்தியவர் மருதாசலம். ஐம்பதைத் தாண்டியவர். ஊரே முகம் பார்த்துப் பேசுகிற காலத்திலும் குரல் மட்டும் கேட்கிற பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு அலைவார். முதல் நாளே அவள் கண்ணில் ஒரு கனத்த கண்ணாடியை மாட்டிவிட்டார். மாட்டிய உடனே அவள் ஒரு வகுப்பறைக்குள் நின்றாள். எதிரே பெஞ்சில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது கண்மணி. கண்ணாடிக்குள்ள மட்டும் இருக்கற நெழலு. இதுகிட்டத்தான் நீங்க பழகோணும்" என்றார் மருதாசலம்.

நேராகப் பிள்ளைகளிடமே விட்டுப் பழக்கினால் என்ன என்று அவள் கேட்டாள். முன்பு அப்படித்தான் விட்டார்களாம். புதிதாக வந்தவர்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்வதற்குள் பல பிள்ளைகள் மிரண்டு பள்ளிக்கூடத்தையே விட்டு நின்றுவிட்டார்களாம்.

"அப்ப இது ஆரு பெத்த புள்ளைங்க சார்?"

"நெசமான புள்ள ஒண்ணு இருக்குதுங்க அம்மணி. ரெண்டு வருசம் வகுப்புல கேமரா வெச்சு, அது எதுக்கு அழுகுது, எதுக்குச் சிரிக்குதுன்னு பூராத்தையும் எடுத்து இதச் செஞ்சிருக்காங்க. பெத்தவங்க சம்மதத்தோடதான். மூஞ்சியும் பேரும் மட்டும் வேற. எந்த ஊரு சென்டருக்குப் போனாலும் இதே கண்மணிதான்."

ஒரு பிள்ளை பட்ட கஷ்டத்தால் ஊரிலுள்ள மற்ற பிள்ளைகள் தப்பிக்கிறார்கள், நல்ல காரியம்தானே என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. அப்போது யாருமே யோசிக்கவில்லை.

கண்மணிக்கு மணிச்சத்தம் ஆகாது. பள்ளிக்கூட மணி அடித்ததும் சட்டைக் காலரை இழுத்து இடது காதைத் தேய்க்கும்; பிறகு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதை வெளியே வரவைப்பதுதான் பரீட்சை. கிட்டப் போகக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது, தள்ளி உட்கார்ந்து ஒரு மஞ்சள் சாக்பீஸை உருட்டிவிட வேண்டும் என்று சென்டரில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்துப் பேர் உருட்டினால் மூன்று பேருக்குக் கண்மணி வெளியே வரும். கோகிலவாணிக்கு வரவே இல்லை.

நாலைந்து நாள் உருட்டிப் பார்த்துவிட்டு அவளுக்கு எரிச்சல் வந்தது. போடி என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கை பழகிய வேலை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கம் நீவி, இரண்டாக்கி, நான்காக்கி, மறுபடி உதறி, மறுபடி மடித்து. கொஞ்ச நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்மணி அவள் முழங்காலருகே வந்து உட்கார்ந்து அந்த விளிம்புகள் சேருவதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மணி அடித்தால் துண்டு, துண்டை மடித்தால் கண்மணி.

மருதாசலம் வாயைப் பிளந்தார். எப்படி என்று கேட்டார். பெருமையில் அவள் மடிப்பு உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சென்டரில் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துண்டு. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் இதற்குக் கோகிலா முறை என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன், மற்ற ஊர் சென்டர்களிலும், ஏற்கெனவே வேலையில் இருக்கிற துணைகளுக்கும் அதே பெயரில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டில் வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அவளிடம் மருதாசலம் இரண்டு குறைகள் கண்டார். பொய் சொல்லும்போது அவள் கை தானாக மூக்குத்திக்குப் போய்விடும். ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டால், குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லவேண்டும் என்பது சென்டர் பாடம். அவளும் சொல்வாள், விரல் மூக்குத்தியைத் திருகும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், பச்சையாகத் தெரிகிறது என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் அதையும் ஒருவழியாகப் பழகிவிட்டாள்.

இன்னொன்றைத்தான் மாற்ற முடியவில்லை. பயிற்சி முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவார்கள். இவள் மட்டும் கழற்றுவதற்கு முன்னால் பெஞ்சைப் பார்த்து, "போயிட்டு வர்றேன் கண்ணு" என்பாள். கண்மணி பதில் சொல்லாது. அந்த இடத்துக்கென்று அதற்குள் பதில் எதுவும் எடுத்துவைக்கப்படவில்லை. அது வெறும் படம் அம்மணி, படத்திடம் போய் யாராவது சொல்லிக்கொள்வார்களா என்று மருதாசலம் கிண்டல் செய்தார்.

"சொல்லாமப் போனா காலு நகர மாட்டீங்குதுங்க சார்" என்றாள்.

இன்டர்வியூ நாளன்று நல்ல வெயில். நகரத்துக்கு வெளியே வேப்பமரங்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். வராந்தாவில் காத்திருந்தவர்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல ஊர்களிலிருந்து வந்த, அவளுக்கு முன்பின் தெரியாத ஆட்கள். ஆனால் அநேகமாக எல்லோர் பையிலிருந்தும் ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. மடிக்கட்டும், என்ன மடித்தாலும் நான் மடிக்கிற மாதிரி வராது என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போய் வந்தவர்கள் முகம் தொங்கிப்போய் வந்ததையும் அவள் கவனித்தாள். மடிப்பில் சுருக்கம் விழுந்திருக்கும் என்றுதான் அப்போது தோன்றியது.

அறைக்குள் தலைமையாசிரியை ஹேமலதாவும் இன்னொரு அதிகாரியும் இருந்தார்கள். ஏன் இந்த வேலை என்ற கேள்வி வந்தது. கோகிலவாணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்றாள். ஹேமலதா தலையசைத்துவிட்டு, இனி ஒரு குழந்தையோடு கொஞ்ச நேரம் இருங்கள், நாங்கள் இந்த ஓரத்தில் இருக்கிறோம் என்றார்.

கதவு திறந்து ஒரு பெண் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது வயது இருக்கும். ஒல்லி, இரட்டைப் பின்னல், முகத்தில் ஒரு சலிப்பு. கோகிலவாணி என்ன பேசலாம் என்று யோசிப்பதற்குள் வெளியே பள்ளிக்கூட மணி அடித்தது. அந்தப் பெண் சட்டைக் காலரை இழுத்து இடது காதைத் தேய்த்தாள்.

கோகிலவாணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முகம் வேறு, வயது வேறு, உயரம் வேறு. ஆனால் அந்தத் தேய்ப்பை அவளுக்குத் தெரியாதா? எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். நெசமான பிள்ளை ஒன்று இருக்கிறது என்று மருதாசலம் சொன்னாரே, அந்தப் பிள்ளை. வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரப் பிள்ளையைப் பார்த்தது போல அவளுக்கு நெஞ்சு பொங்கியது. வேலை கைக்குள் வந்துவிட்டது என்றும் கூடவே தோன்றியது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். துண்டை எடுத்து உதறினாள்.

"வா கண்மணி" என்றாள்.

"என் பேரு சம்யுக்தா."

குரலில் கோபம்கூட இல்லை. தினம் நாலு பேருக்குச் சொல்கிற பதில் போல இருந்தது. கோகிலவாணியின் கை பாதி மடிப்பில் நின்றது.

"இன்னிக்கு வந்தவங்க எல்லாரும் துண்டு மடிச்சாங்க" என்றாள் சம்யுக்தா. "எங்க கிளாஸ்ல இருக்கற ரெண்டு மிஸ்ஸும் மடிப்பாங்க. பஸ்ல கூட வர்ற அக்காவும் மடிப்பாங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் சாக்பீஸ் உருட்டிட்டு இருந்தாங்க. நான் அழுதா மடிக்கறாங்க, அழலைன்னாலும் மடிக்கறாங்க. எனக்குத் துண்டப் பார்த்தாலே வாந்தி வருது."

கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாகத் தன் பெயர் சொல்லிப் பரவுகிறது என்று மகிழ்ந்த ஒன்று, இந்தப் பிள்ளை போகிற இடமெல்லாம் அதைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. எவளோ ஒருத்தி முகத்தைப் பார்த்ததுமே தன் பயம் என்ன, அது எப்படி அடங்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் அந்த வயதில் எப்படி இருக்கும்? அவள் துண்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். இன்டர்வியூவுக்கென்று தயார் செய்து வந்ததெல்லாம் அந்தப் பைக்குள் போய்விட்டது.

"அந்தத் துண்டு வேலய மொதல்ல செஞ்சது நான்தான் கண்ணு. தெரியாமச் செஞ்சுட்டேன்."

"தெரியும்" என்றாள் சம்யுக்தா.

எப்படித் தெரியும் என்று கேட்கும் நிலையில் கோகிலவாணி இல்லை. கணக்கு நேராக இல்லை என்பது மட்டும் அவளுக்கு உறைத்தது. நேராக இல்லாத விளிம்பை அவளால் அப்படியே விட முடியாது.

"உன்னப் பத்தி எனக்குப் பூரா தெரியும். என்னப் பத்தி உனக்கு ஒண்ணுந் தெரியாது. அது நாயமில்ல. நீ என்ன வேணாலும் கேளு, நான் சொல்றேன்."

சம்யுக்தா யோசித்தாள்.

"குழந்தைங்கன்னா உங்களுக்கு உயிரா?"

"ஆமா கண்ணு."

"பொய். மூக்குத்தியத் தொடறீங்க."

கை அங்கேதான் இருந்தது. சுடுபட்டது போல அதை இறக்கிக்கொண்டு அவள் ஹேமலதாவைப் பார்த்தாள். மருதாசலத்தைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி இது.

ஹேமலதா எழுந்து வந்தார். "இன்டர்வியூவுக்கு நீங்க மட்டும் தயாராகலீங்கம்மா. அவளும் ஒரு மாசமா தயாராயிட்டிருந்தா. நீங்க எல்லாரும் சென்டர்ல பயிற்சி பண்ணினதை வெச்சு உங்களுக்கும் நிழல் செஞ்சோம். அவ தினமும் கண்ணாடி மாட்டிட்டு உங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து பார்த்தா. யாரோ ஒரு துணையைத் தூக்கி அவ தலையில கட்டக்கூடாதுன்னுதான்."

"என்னைய ஒரு வார்த்த கேக்காமயாங்க?"

சென்டரில் சேரும்போது சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் ஹேமலதா. கொடுத்திருப்பாள். அந்த நாளில் எதற்குத்தான் சம்மதம் கேட்கவில்லை, யார்தான் படித்துவிட்டுக் கொடுத்தார்கள்? ஆனாலும் அவளுக்கு நடுச்சந்தையில் சேலை நழுவியது போல இருந்தது. மூக்குத்தி, எரிச்சல், போடி என்று சொன்னது, தனியாக உட்கார்ந்து முணுமுணுத்தது எல்லாம் ஒரு பிள்ளை பார்த்திருக்கிறது. எழுந்து கத்திவிட்டுப் போய்விடலாமா என்று வந்த ஆத்திரம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றது. தனக்கு இது ஒரு மாதம். அந்தப் பிள்ளைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். இவளாவது சம்மதம் கொடுத்தாள். அந்தப் பிள்ளையை யாரும் கேட்கக்கூட இல்லை.

அவள் மறுபடி சம்யுக்தா பக்கம் திரும்பினாள். கைகளை மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

"எல்லாக் கொழந்தையும் உசுருன்னு சொன்னது பொய்தான். சிலது புடிக்கும், சிலதக் கண்டா எரிச்சலா வரும். எனக்கு இந்த வேல வேணும். கெடைக்கலீன்னா ஒரு கம்பெனி கேட்டுல உக்காந்து போறவங்க வர்றவங்களுக்குக் கும்புடு போடோணும். அதுக்குப் பயந்துதான் வந்தேன்."

சம்யுக்தா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மடியை விட்டு அசையவில்லை.

"என்னைப் பிடிக்குமா?"

"உன்ன எனக்கு இன்னும் தெரியாது கண்ணு. கண்மணியத்தான் தெரியும்."

அந்தப் பதிலை அந்தப் பிள்ளை எதிர்பார்க்கவில்லை. காலரைத் தொட்ட கையைக் கீழே விட்டாள். பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, ஓரத்திலிருந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோகிலவாணியின் காதருகே கையைக் குவித்துக்கொண்டு எதையோ சொன்னாள். மணி அடித்தால் இப்போதெல்லாம் அவள் மனசுக்குள் என்ன செய்துகொள்கிறாள் என்பது அது. எந்தக் கேமராவும் எடுக்காதது. அவளாகவே கண்டுபிடித்தது. அது என்ன என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கும் மருதாசலத்துக்கும் என்ன வித்தியாசம்?

"ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் கோகிலவாணி. கை மடியில்தான் இருந்தது.

நேரம் முடிந்தது, முடிவைப் பிறகு தெரிவிப்போம் என்றார் அதிகாரி. உண்மையைப் போட்டு உடைத்தாயிற்று, இனி எங்கே வேலை கிடைக்கப்போகிறது என்று கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டாள். கம்பெனி கேட் கண்முன்னால் வந்து நின்றது. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசல் வரை போய்விட்டாள்.

"சொல்லாமப் போறீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினாள். சம்யுக்தா பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தாள்.

"மணி அடிச்சா மத்தவங்க எல்லாம் அப்படியே எழுந்து போயிருவாங்க. நீங்க மட்டும்தான் தினமும் சொல்லிட்டுப் போவீங்க. நான் பார்த்திருக்கேன்."

கோகிலவாணி பையைக் கீழே வைத்தாள். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, படத்திடம் அத்தனை நாள் சொன்னதை முதல்முறையாக ஒரு பிள்ளையிடம் சொன்னாள்.

"போயிட்டு வர்றேன் கண்ணு."

"எப்ப?"

கண்மணி ஒருநாளும் சொல்லாத பதில் அது. கோகிலவாணி ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தார். அவர் சரியென்று தலையசைத்தார்.

"இன்னிக்கு வந்த யாரையும் அவ அப்படிக் கேக்கலீங்கம்மா" என்றார் ஹேமலதா. "திங்கட்கிழமை காலையில வந்துருங்க. துண்டு வேண்டாம்."

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது மருதாசலம் போன் செய்தார். இன்டர்வியூ போனவர்கள் என்ன நடந்தது என்று உடனே ஒப்பிக்கவேண்டும் என்பது சென்டர் வழக்கம். அதை வைத்துத்தான் அடுத்த பேட்சுக்குப் பாடம் நடக்கும். வேலை கிடைத்த சேதியைச் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். தன் சென்டர் பெயரையும் கோகிலா முறையின் பெருமையையும் கொஞ்ச நேரம் பேசினார்.

"அந்தத் துண்டு வேலைக்கு ஆகாதுங்க சார். அத எடுத்துப் போட்டுருங்க" என்றாள் அவள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப உங்களுக்கு எதுங்க அம்மணி வேலைக்காச்சு? நெசப் புள்ளயவே உட்டாங்களாமே. புதுசா என்ன பண்ணுது? மணி அடிச்சா என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணுலீங்க சார். சும்மாதான் உக்காந்திருந்துச்சு."

அப்போது அவள் விரல் மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மருதாசலத்தினுடையது முகம் தெரியாத பழைய போன்.